சாம்பார் வாளியைத் தொடரும் கேமரா

மலையைப் படமெடுக்கப் போகிறவன் கேமராவைக் கொஞ்சம் அண்ணாந்து வைத்தால் போதும். மலை தானாக வந்து சட்டத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும். வயல் அப்படி வராது. காவிரி டெல்டாவில், திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யத்துக்கோ முத்துப்பேட்டைக்கோ போகிற சாலையில் எங்கே இறங்கி நின்றாலும் கண்ணை மறிக்க ஒரு மேடு கிடையாது. தொடுவானம் வரைக்கும் ஒரே மட்டம். எந்த லென்ஸைப் போட்டு எந்தச் சட்டத்தை வைத்தாலும், அதற்கு வெளியே வயல் மீந்துகொண்டேயிருக்கும். ஆகவே இந்தப் பக்கம் கேமரா எடுத்தவர்கள் எல்லாரும், குறும்படம் எடுக்கிற பையன்களிலிருந்து யூடியூப் சேனல்காரர்கள் வரை, முதல் வேலையாக முக்காலியை நட்டு இடமிருந்து வலமாகத் திருப்புகிறார்கள். சினிமாக்காரர்கள் அதைப் பேனிங் என்பார்கள். எடுக்கும்போது சின்னத் திரையில் நன்றாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து பெரிதாகப் போட்டுப் பார்க்கும்போதுதான் முகம் சுருங்கும். வயல் வழுக்கிக்கொண்டு போகாமல் தட்டித் தட்டிப் போகும். ஓரத்துத் தென்னைகள் ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரியும். 'ஜெர்க் அடிக்குது' என்பார்கள்.

பழி முதலில் கையின்மேல் போகும். பிறகு முக்காலியின்மேல். அதன் பிறகு கேமராவை விற்ற கடைக்காரரின்மேல். மூவரும் பெரும்பாலும் நிரபராதிகள். வினாடிக்கு 24 படம் என்கிற கணக்குக்குள்ளேயே அந்தத் தட்டல் உட்கார்ந்திருக்கிறது.

40 அடி அகலமுள்ள ஒரு திரையை வைத்துக்கொள்வோம். வயலோரம் ஒரு மின்கம்பம். கேமரா திரும்பத் திரும்ப அந்தக் கம்பம் திரையின் ஒரு விளிம்பில் நுழைந்து மறு விளிம்பில் வெளியேற 7 வினாடி ஆகிறது. அதற்குள் 168 படங்கள் ஓடிவிடும். 480 அங்குலத்தை 168-ஆல் வகுத்தால், படத்துக்குப் படம் கம்பம் மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகத் தாவுகிறது. ஷட்டர் வழக்கப்படி பாதி நேரம் திறந்தும் பாதி நேரம் மூடியும் இருக்கும். 180 பாகை ஷட்டர், வினாடியில் 48-ல் ஒரு பங்கு வெளிச்சம். ஆக, அந்த மூன்று அங்குலத்தில் பாதி மங்கலான இழுப்பாகப் படத்தில் பதிந்திருக்கும். மீதிப் பாதி எங்குமே பதியவில்லை. அந்த ஒன்றரை அங்குலத்தைப் பார்ப்பவர் தன் மூளையிலிருந்து போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும், நிரப்பிக்கொள்வார். அதே கம்பத்தை 2 வினாடியில் திரையைக் கடக்க விட்டால் தாவல் 10 அங்குலம், பள்ளம் 5. அதை நிரப்ப யாராலும் ஆகாது.

திரையரங்கு தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தது. வினாடிக்கு 24 முறை மட்டும் வெளிச்சம் அடித்தால் திரை மினுக்கும் என்பதால், ஃபிலிம் ஓடிய காலத்தில் ஒரே படத்தை இரண்டு முறை காட்டிவிட்டுத்தான் அடுத்த படத்துக்குப் போவார்கள். நகரும் கம்பத்தோடு கண்ணும் நகர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டாம் முறை காட்டும்போது கண் முன்னே போய்விட்டது; கம்பம் பழைய இடத்திலேயே நிற்கிறது. பின்னால் இன்னொரு கம்பம் முளைத்ததுபோல் தெரிகிறது. வீட்டுத் திரையும் ஒரே படத்தைத் திரும்பக் காட்டுவதால்தான் தென்னை இரட்டையாகிறது.

அமெரிக்க ஒளிப்பதிவாளர்களின் கையேட்டில் எந்த லென்ஸுக்கு எவ்வளவு வேகத்தில் திருப்பலாம் என்று அட்டவணையே உண்டு. படப்பிடிப்புத் தளத்தில் அட்டவணையைப் புரட்ட யாருக்கும் பொழுதில்லை என்பதால், ஒரு பொருள் சட்டத்தைக் கடக்க ஏழு வினாடியாவது ஆக வேண்டும் என்று அது வாய்மொழி விதியாகச் சுருங்கிவிட்டது. 35 மி.மீ. படத்தில் 50 மி.மீ. லென்ஸ் பார்ப்பது ஏறக்குறைய 25 பாகை அகலம். 25 பாகைக்கு ஏழு வினாடி என்றால் ஒரு கால்வட்டம் திரும்ப 25 வினாடி ஆகும். சினிமாவில் 25 வினாடி என்பது ஒரு பல்லவி பாடி முடிகிற நேரம். எந்தப் படத்தொகுப்பாளரும் அவ்வளவு நேரம் கத்தரியைக் கீழே வைத்திருக்க மாட்டார்.

இத்தனை இடைஞ்சல் தருகிற 24-ஐக் கண்ணுக்காக யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மௌனப்படக் காலத்தில் கைப்பிடியைச் சுற்றிப் படமெடுத்தார்கள். ஒரு சுற்றுக்கு 8 படம், வினாடிக்கு இரண்டு சுற்று, ஆக 16. சுற்றுகிறவரின் தெம்புக்கும் காட்சியின் சூட்டுக்கும் ஏற்ப அது கூடும், குறையும். வலது கை படச்சுருளைச் சுற்றிக்கொண்டிருக்க, இடது கை முக்காலியின் சக்கரத்தைச் சுற்றிக் கேமராவைத் திருப்ப வேண்டும். இரண்டு கையும் இரண்டு காலப்பிரமாணத்தில் ஓட வேண்டிய வேலை. நல்ல தவில் வித்வானுக்கு எளிதாக வந்திருக்கும். ஒலி வந்ததும் சுருள் ஒரே வேகத்தில் ஓடியாக வேண்டியதாயிற்று, இல்லாவிட்டால் பாட்டு சுருதி விலகிவிடும். 1926-ல் வைட்டாஃபோன் முறையோடு நிமிடத்துக்கு 90 அடி, அதாவது வினாடிக்கு 24 படம் என்று நிலைத்தது. 1931-ல் 'காளிதாஸ்' பேசத் தொடங்கியபோது தமிழுக்கும் அதே எண் வந்து சேர்ந்தது. ஒலிக்குப் போதும், சுருள் செலவும் கட்டுப்படியாகும் என்று காதும் கணக்குப்பிள்ளையும் செய்துகொண்ட உடன்பாடு அது. கண்ணைக் கேட்கவில்லை. கண் நூறு வருஷமாக அதற்குப் பழகி, இப்போது அந்தத் தட்டலையே சினிமாவின் அடையாளமாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

டெல்டாவில் இந்தக் கணக்கு பெரிய அளவில் போய் முட்டிய இடம் கல்யாண மண்டபம். வி.எச்.எஸ். காலத்திலும், அதன் பிறகு சோனி பி.டி. 170 கோலோச்சிய காலத்திலும், நம் கல்யாண வீடியோவில் தவறாத ஒரு ஷாட் உண்டு. பந்தி. நீள மேசை, வரிசையாக இலை, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கேமரா போகும். கண்ணில் லைட் அடித்ததும் சிலர் மெல்லுவதை நிறுத்துவார்கள், சிலர் அவசரமாக வாயைத் துடைப்பார்கள். அழகுக்காக எடுக்கிற ஷாட் இல்லை அது. மொய் நோட்டில் பெயர் இருக்கும், தொகை இருக்கும், முகம் இருக்காது. முகத்துக்கு இந்த டேப். பத்து வருஷம் கழித்து, அந்தக் கல்யாணத்தில் பெரியப்பா கை நனைக்கவே இல்லை என்று பேச்சு வந்தால் போட்டுக் காட்டலாம்.

அந்த டேப்புகளில் பந்தி எண்ணெய்போல ஓடும். காரணம், இந்தியத் தொலைக்காட்சி பின்பற்றிய பால் முறை. அதில் வினாடிக்கு 25 படம்தான் என்றாலும், ஒவ்வொரு படத்தையும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று பிரித்து இரண்டு தவணையாகப் பதிவார்கள். அந்த இரண்டு தவணையும் இரண்டு வெவ்வேறு கணங்கள். ஆக, அசைவைப் பொறுத்தமட்டில் வினாடிக்கு 50 முறை பார்க்கிற கேமரா அது. தாவல் பாதியாகிவிட்டது. எவ்வளவு வேகமாகத் திருப்பினாலும் மன்னித்துவிடும்.

2008-ல் கேனன் 5டி மார்க் 2 வந்தது. முதலில் அதில் வினாடிக்கு 30 படம் மட்டும். 2010-ல் உள்ளிருக்கும் மென்பொருளைப் புதுப்பித்து 24-ம் 25-ம் கொடுத்தார்கள். பெரிய சென்சார், பின்னணி கரைந்துபோகிற லென்ஸ், சினிமாவின் அதே 24. சில வருஷங்களுக்குள் பெண் வீட்டாரே 'சினிமா மாதிரி வேணும்' என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். டேப் காலத்திலிருந்து திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் கல்யாணம் எடுக்கிற ஒருவர் சொன்னார்: புதுக் கேமராவில் எடுத்த முதல் பந்தியைக் கம்ப்யூட்டரில் போட்டபோது உதவிக்கு இருந்த பையன் கேட்டிருக்கிறான்.

"என்னாண்ணே, சாப்புடுறவங்கள்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுறாங்க?"

"கை அதே கைதான்டா தம்பி. இத்தினி வருசமா இப்படித்தான திருப்புறேன்."

ஏழு வினாடி விதியைச் சொல்லிக்கொடுக்க அவருக்கு ஆள் இல்லை. சொல்லியிருந்தாலும் பயனில்லை, அந்த வேகத்தில் போனால் பந்தியின் மறு கோடிக்குப் போவதற்குள் அங்கே இருந்தவர்கள் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அவர் வேறொன்று செய்தார். பந்தியைப் பார்த்துத் திருப்புவதை விட்டுவிட்டு, சாம்பார் வாளியோடு வருகிறவரைப் பிடித்துக்கொண்டார். வாளிக்காரர் ஓர் இலை முன்னால் நிற்பார், குனிவார், போதும் என்று ஒரு கை குறுக்கே வரும், அடுத்த இலைக்கு நகர்வார். கேமரா அவரோடு நின்று அவரோடு நகரும். பின்னால் முகங்கள் வந்துகொண்டே இருக்கும். பெரியம்மா, சின்ன மாமா, மாப்பிள்ளையின் ஆபீஸ்காரர்கள், ஒருவர் விடாமல் பதிவாகிவிடுவார்கள். அளந்து பார்த்தால் தாவல் பழையபடி அங்கேயேதான் இருக்கிறது. யார் கண்ணிலும் படவில்லை, ஏனென்றால் எல்லார் கண்ணும் வாளியில் இருக்கிறது. ரசக்காரரைத் தொடரக் கூடாது என்றும் ஒரு விதி வைத்திருந்தார். ரசக்காரர் ஓடுவாராம்.

வினாடிக்கு 60 படம் எடுக்கிற கேமராவில் எடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஹாலிவுட்டே கேட்டுப் பார்த்தது. 2012-ல் பீட்டர் ஜாக்சன் 'ஹாபிட்' படத்தை 48-ல் எடுத்தார். 2016-ல் ஆங் லீ ஒரு படத்தை 120-ல் எடுத்தார். அசைவு பளிங்காக இருந்தது. பார்த்தவர்களில் பலர் இது சினிமா மாதிரி இல்லை, வீடியோ மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தார்கள். நம் பந்தி டேப்பின் வழுக்கலைத்தான் அவர்கள் கோடிக்கணக்கில் செலவழித்துத் திரும்ப அடைந்திருந்தார்கள் என்பது என் எண்ணம். கண் சொகுசைக் கேட்கவில்லை. அது கதைக்கும் வீட்டுக் கேசட்டுக்கும் வேறுபாடு காட்டுகிற அந்தச் சின்னத் தடங்கலைக் கேட்கிறது.

தடங்கலைக் கூட்டுவதற்கு நம் ஊர் வெயிலே போதும். சித்திரை மதியத்தில் ஐ.எஸ்.ஓ. 100-லேயே ஷட்டரை 50-ல் ஒரு பங்கில் வைக்க வேண்டுமானால் லென்ஸ் துளையை எஃப் 22 வரை சுருக்க வேண்டும். பின்னணி மங்கலாக எஃப் 2.8-ல் எடுக்க ஆசைப்பட்டால், 64 பங்கில் ஒரு பங்கு ஒளியை மட்டும் உள்ளே விடுகிற கறுப்புக் கண்ணாடியை, என்.டி. ஃபில்டரை, முன்னால் மாட்டியாக வேண்டும். அது கையில் இல்லாதவர் ஷட்டரை ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒரு பங்குக்கு ஏற்றிவிடுவார். வெளிச்சம் சரியாகிவிடும். ஆனால் தாவலுக்குள் இருந்த மங்கலான இழுப்பு மறைந்து, கம்பம் ஒவ்வொரு படத்திலும் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். ஒன்றரை அங்குலப் பள்ளம் முழு மூன்று அங்குலமாகிவிடும். பெரும்பாலான செல்போன்களில் லென்ஸ் துளையைச் சுருக்கவே முடியாது என்பதால் வெயிலில் அது எப்போதும் இதைத்தான் செய்கிறது. எடுத்ததைப் பார்ப்பதும் செல்போனில்தான். வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கிற திரையில் 24 படத்தைக் காட்ட ஒரு படத்துக்கு இரண்டு முறை, அடுத்ததற்கு மூன்று முறை என்று மாற்றி மாற்றிக் காட்ட வேண்டியிருக்கிறது. நொண்டி நடை. 120 முறை புதுப்பிக்கிற புதிய திரைகளில் ஒவ்வொன்றுக்கும் ஐந்து முறை என்று சமமாகிவிடும். ஒரே வீடியோ மருமகனின் போனில் சரியாகவும் மாமனாரின் போனில் ஜெர்க் அடித்தும் ஓடுவதன் பின்னால் இருக்கிற கணக்கு இதுதான்.

வயலுக்கு வருகிறேன். நெல் விளைந்த வயல் பேனிங்குக்கு இடைஞ்சல் செய்யாது. சாலையிலிருந்து பார்த்தால் வரப்புகள் பெரும்பாலும் படுக்கைக் கோடுகளாகவே தெரிகின்றன. கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது படுக்கைக் கோடு தன்மேலேயே நழுவுகிறது, தாவியது தெரியாது. பயிரோ பொடியான இழை, இழுப்பில் கரைந்து ஒரே பச்சையாகிவிடும். வம்பு செய்வதெல்லாம் செங்குத்தாக நிற்பவை: வரப்புப் பனை, கொல்லைத் தென்னை, மின்கம்பம், செல்போன் கோபுரம். வெளுத்த வானத்துக்கு எதிரே கறுத்து நிற்கிற ஒரு பனைமரத்தைவிடக் கொடிய சோதனை பேனிங்குக்குக் கிடையாது. இன்றைய சென்சார்கள் பெரும்பாலும் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிப்பதால் இன்னொரு விபரீதமும் நடக்கும். மேல் வரியை வாசித்துக் கீழ் வரிக்கு வருவதற்குள் கேமரா கொஞ்சம் திரும்பிவிட்டிருக்கும். காற்றே இல்லாமல் தென்னை சாய்ந்து நிற்கும். பி.டி. 170-ல் இருந்த பழைய சி.சி.டி. சென்சார் ஒவ்வொரு தவணையையும் மேலிருந்து கீழ்வரை ஒரே கணத்தில் பிடித்தது. அதில் மரம் நேராகவே நிற்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி இந்தப் பக்கமாகத்தான் போனது. லட்சக்கணக்கில் தென்னை விழுந்தது. சில நாள் கழித்து மின்சாரமும் சிக்னலும் வந்த பிறகு அந்தக் காட்சிகளைப் பார்த்தோம். சேனல்காரர்கள் எடுத்தவை, பையன்கள் போனில் எடுத்தவை, எல்லாவற்றிலும் பேனிங் இருந்தது. வேறு வழியும் இல்லை. விழுந்தது எவ்வளவு தூரம் விழுந்திருக்கிறது என்பதை நிலையான ஒரு சட்டத்தில் சொல்ல முடியாது. அவற்றில் பல, எந்தத் தட்டலும் இல்லாமல் ஓடின. எடுத்தவர்கள் யாரும் விதி பார்த்துத் திருப்பியிருக்கப் போவதில்லை, கை பதறியிருக்கத்தான் வாய்ப்பு. தட்டுவதற்குச் சட்டத்துக்குள் நேராக எதுவும் நிற்கவில்லை. கம்பங்கள்கூட இல்லை. பேனிங் வழவழப்பாக இருக்க வேண்டும் என்று இத்தனை பக்கம் எழுதுகிற எனக்கு அந்த வழவழப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து ஓரத்தில் ஒரு தென்னை தட்டிக்கொண்டு போனால் முன்னளவு எரிச்சல் வருவதில்லை.

கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கை நிரபராதி என்றாலும் கைக்குத் துணை வேண்டும். சாதாரண முக்காலித் தலையில் உலோகமும் உலோகமும் உரசும். நின்றிருப்பதை அசைக்க ஆகிற வலு, அசைந்துகொண்டிருப்பதை அசைக்க ஆகிற வலுவைவிட அதிகம். அதனால் தொடக்கத்திலேயே ஒரு துள்ளல். இதற்கு மாற்றாகத் தலைக்குள் பிசுபிசுப்பான திரவத்தை நிரப்பி 1946-ல் காப்புரிமை பெற்றவர் சிட்னியைச் சேர்ந்த எரிக் மில்லர். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் சாட்வெல் ஓ'கானர் என்ற பொறியாளரும் தனியாக ஒன்றைச் செய்தார். அவர் நீராவி ரயில் பித்தர். ஓடுகிற ரயிலைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பத்தான் அவருக்கு அது தேவைப்பட்டது. திரவத்தின் குணம் எளியது. மெதுவாகத் திருப்பினால் லேசாகத் தடுக்கும், வெடுக்கென்று இழுத்தால் பலமாகத் தடுக்கும். கையின் ஏற்ற இறக்கத்தை அதுவே சமன்செய்துவிடுகிறது. திருவாரூர் ஆழித்தேர் வீதி முனையில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முந்நூறு டன் கனத்தை அசைப்பதில் மட்டும் சாமர்த்தியம் இல்லை, அசைந்ததைத் தடுத்துக்கொண்டே விடுவதில் இருக்கிறது. முன்பு முட்டுக்கட்டைக்காரர்களே பார்த்துக்கொண்ட அந்த வேலைக்கு, திருச்சி பெல் நிறுவனம் பின்னாளில் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்தது. அங்கேயும் ஒரு திரவம்தான்.

நல்ல திரவத் தலை வாங்கப் பணமில்லாதவர்கள் முக்காலிக் கைப்பிடியில் ரப்பர் பேண்டை மாட்டி, ரப்பரைப் பிடித்து இழுப்பார்கள். முதல் துள்ளலை ரப்பர் குடித்துவிடும். உடம்பை வைப்பதிலும் ஒரு பாடம் உண்டு: ஷாட் முடிகிற பக்கம் பார்த்து நின்றுகொண்டு, இடுப்பை முறுக்கி, தொடங்குகிற பக்கம் போக வேண்டும். திரும்பத் திரும்ப உடம்பின் முறுக்கு அவிழும், முடிவில் நிம்மதியாக நிற்பீர்கள். மாற்றிச் செய்தால் கடைசி வினாடியில் உடம்பு நடுங்கும்.

இவ்வளவும் இருந்தும் வெறும் வயல்மேல் திருப்பிய ஷாட் ஏனோ நிறைவு தருவதில்லை. காரணம் கேமராவில் இல்லை. கண்ணை வைத்து இப்போதே சோதித்துப் பார்க்கலாம். எதிரே இருக்கிற சுவரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கண்ணை ஒரே சீராக நகர்த்துங்கள். முடியாது. கண் தத்தித் தத்தித்தான் போகும், தத்துகிற அந்த நொடியில் மூளை பார்வையை ஏறக்குறைய அணைத்தே வைத்துவிடுகிறது. இப்போது விரலை முகத்துக்கு முன் மெதுவாக நகர்த்தி அதைத் தொடருங்கள். கண் சீராகப் போகும். தொடர ஒன்று இல்லாமல் சீராகத் திரும்பும் வழி மனிதக் கண்ணுக்குக் கிடையாது. ஆளில்லாத வயலை ஏழு வினாடி விதிப்படி வழவழவென்று திருப்பிக் காட்டும்போது, எந்த உழவனும் எந்தக் கூலியாளும் தன் வாழ்நாளில் பார்த்திராத ஒரு பார்வையைத் திரையில் போடுகிறோம். கல்யாண வீடியோக்காரர் வாளியின் பின்னால் போனபோது கண்டுகொண்டது இதைத்தான்.

தொடர ஆள் கிடைத்தால் கணக்கும் தானாக ஒத்துவருகிறது. சினிமா சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ் போட்டு 20 மீட்டர் தள்ளி நின்றால், சட்டத்துக்குள் அடங்குவது ஏறக்குறைய 10 மீட்டர் அகலம். வரப்பில் நடக்கிறவர் மணிக்கு நாலரை கிலோமீட்டர் போவார். பத்து மீட்டரைக் கடக்க 8 வினாடி. நடை அளவுக்கு மேல் போகாத வரை 24-ல் சண்டையே இல்லை. சைக்கிள் வந்தால் பின்வாங்க வேண்டும். 2023 ஏப்ரலில் அகலப் பாதையாகத் திரும்பி வந்த அகஸ்தியம்பள்ளி ரயிலை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் எடுக்க வேண்டுமானால், அதே லென்ஸோடு 200 மீட்டருக்கு மேல் வயலுக்குள் இறங்க வேண்டும். நாற்று நடுகிற பெண்களோ பின்னோக்கியே போகிறவர்கள். அவர்களைத் தொடர்ந்தால் கேமரா திரும்புவதே கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் இந்த மண்ணில் வயலில் இறங்கிய ஆளைத் தொடர்ந்து ஒரு பார்வை நகர்ந்தது என்றால் அது யாருடைய பார்வையாக இருந்தது? வரப்பில் குடையோடு நின்ற பண்ணைக் காரியக்காரருடையது. யார் நிமிர்ந்தார், யார் பின்தங்கினார், யார் பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கரையேறினார் என்று அந்தப் பார்வை விடாமல் தொடர்ந்தது. தொடர்ந்து முடித்த இடத்தில் தண்டனையாகச் சாணிப்பாலும் சவுக்கடியும் இருந்தன. அவற்றை எதிர்த்துக் கீழத்தஞ்சையில் சங்கம் கட்டிய பி. சீனிவாச ராவ் 1961-ல் மறைந்தார். அவருடைய நினைவிடம் திருத்துறைப்பூண்டியில்தான் இருக்கிறது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல் வந்தது. அதற்குப் பிறகு பதினாறு வருஷம் கழித்து வெண்மணிப் படுகொலை. வரப்புமேல் முக்காலியை நட்டு, இடுப்பு உயரத்துக்கு மேலே கேமராவை வைத்து, குனிந்து நடுகிறவர்களை வழவழவென்று தொடர்கிற ஷாட்டைச் சுற்றுலா வீடியோக்களில் பார்க்கும்போது எனக்கு அந்தக் குடைதான் நினைவுக்கு வருகிறது. முக்காலியைச் சேற்றில் இறக்கி நடுகிறவரின் கை மட்டத்துக்கு வைத்தால் மாறிவிடுமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். மட்டம் மாறும். தொடரப்படுகிறவர் நிமிர்ந்து கேமராவைப் பார்த்து என்னங்க என்று கேட்கிற தூரமாவது கிடைக்கும்.

இப்போது சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. வரப்பில் நடக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். நடவுக்கு ஆட்கள் லோடு ஆட்டோவில் வந்து இறங்குகிறார்கள், அறுவடைக்குப் பெல்ட் மிஷின் வருகிறது. ஆள் நடக்கிற வேகத்தைத் தாண்டாமல் போகிற மிஷின், பேனிங்குக்கு மிகவும் தோதானது. சம்பா அறுவடை வீடியோக்களில் மனிதரைவிட அது நன்றாக வந்திருப்பதைப் பார்க்கலாம். மனிதர்கள் டி.வி.எஸ். 50-ல் போகிறார்கள். முன்னால் உர மூட்டை, பின்னால் மனைவி, மணிக்கு 30 கிலோமீட்டர். ஏழு வினாடி விதிக்குள் அவர்களைக் கொண்டுவர 58 மீட்டர் அகலம் வேண்டும், அதாவது 117 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் ஆள் சட்டத்தின் உயரத்தில் இருபதில் ஒரு பங்கு. முகம் இல்லை, ஒரு புள்ளி நகர்கிறது. நானாக இருந்தால் 20 மீட்டருக்குள் போய்விடுவேன். ஏறக்குறைய நாலு பாகைக்குப் பதில் வினாடிக்கு இருபது பாகைக்கு மேல் திருப்ப வேண்டியிருக்கும், பின்னால் இருக்கிற மரமெல்லாம் இரட்டையும் முக்கோடுமாகச் சிதறும். சிதறட்டும். அந்த அம்மா முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு எதற்கோ சிரிக்கிறார், பார்க்கிறவர் மரத்தையா எண்ணப் போகிறார்?